மறுபடியும் மஞ்சள் விளக்கு

"டேஷ்போர்டுல மறுபடியும் அந்த மஞ்ச லைட் எரியுதுண்ணே. இது எரிஞ்சா கம்பெனியில சவாரி தரமாட்டாங்க" என்றபடி ஒர்க்‌ஷாப் பெஞ்சில் சரிந்தார் டாக்சி ஓட்டுநர்.

மெக்கானிக்குக்குக் கொட்டாவியும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் போன வாரம்தான் மாற்றிக் கொடுத்திருந்தார். புது சென்சார் பெட்டியோடு வண்டிக்கு அடியில் நுழைந்தவர், நுழைந்த வேகத்திலேயே வெளியே வந்தார். சென்சாரின் ஒயரை யாரோ கத்தரிக்கோலால் நறுக்கியிருந்தார்கள்.

ஓட்டுநரோடு வந்திருந்த அவர் மனைவியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "உன் புருஷனுக்கு ஆகாதவங்க யாரும்மா?"

"நான்தாண்ணே வெட்டினேன்."

"நீயா? அவன் பொழப்புல நீயே மண்ணைப் போடலாமா?"

"ராவும் பகலுமா ஓட்டுறாரு. சொன்னா எரிஞ்சு விழறாரு. அன்னிக்கு ஓட்டிக்கிட்டிருக்கும்போதே கண்ணு சொக்கிடுச்சு. பின்னாடி சீட்டுல பிள்ளைங்க. வண்டி இங்க நின்னாத்தாண்ணே அவரு வீட்டுல படுக்கறாரு."

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த ஓட்டுநர் திடுக்கிட்டு விழித்தார்.

"மாட்டியாச்சாண்ணே?"

கையிலிருந்த பெட்டியை மெக்கானிக் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"சென்சார் ஸ்டாக் இல்லப்பா. வர ரெண்டு நாளாகும். வீட்டுக்குப் போய்ப் படு."