கால் ஊனாமல்

கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது ராஜபாய் அக்கா சைக்கிளை நிறுத்திவிட்டார்.

கால் ஊனவில்லை. முன்சக்கரத்தை இப்படியும் அப்படியும் திருப்பியபடி, நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தார்.

மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி. கடைசியாகக் கோட்டைத் தாண்டுகிறவருக்குத்தான் பரிசு. நடுவில் கால் தரையில் பட்டால் அவுட். எங்கள் சர்ச்சின் சபை நாள் விளையாட்டுகளில் பெண்களுக்கு இதுதான் கடைசி. இது முடிந்தால் எல்லோருக்கும் பந்தலில் அசனச் சாப்பாடு. ஆட்டுக்கறி வாசம் என் வயிற்றைக் கிள்ளியது. விசில் என் கையில்.

மற்ற ஐந்து பேரும் விழுந்தும் தாண்டியும் எப்போதோ முடித்துவிட்டார்கள். அக்கா ஜெயித்தாயிற்று. இரண்டு தடவை ஊதியும் பார்த்தேன்.

அவர் இறங்குவதாக இல்லை.

எனக்கு ஒன்று மட்டும் பிடிபடவே இல்லை. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர். ரோட்டில் அவர் சைக்கிள் பறப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். இந்த வித்தையை எங்கே போய்ப் படித்தார்?

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் ரப்பர் மரக்கிளை முறிந்து அவருடைய கணவர் ஜெபதாஸ் அண்ணன் இடுப்பில் விழுந்தது. ஒரு வருஷம் படுக்கை. அதற்குப் பிறகும் அவரை வெளியே யாரும் கண்டதில்லை. அக்கா ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனையில் எழுந்து நின்று ஒரே விண்ணப்பத்தைத்தான் சொல்வார்: அவர் தன் காலால் நடந்து கோயிலுக்கு வரவேண்டும்.

கேட்டுக் கேட்டு எங்களுக்கே அலுத்துவிட்டது. போன மாதம் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "ஆண்டவரு எப்பமே முடியாதுண்ணு பதில் சொல்லியாச்சு அக்கா, உங்களுக்குத்தான் காது கேக்கல்ல" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பக்கத்தில் போனேன்.

"அக்கா, ஜெயிச்சாச்சு. எறங்குங்கோ, சோறு ஆறுது."

"கொஞ்சம் பொறு ஆபேலே."

முகமெல்லாம் வேர்வை. கெண்டைக்கால் நடுங்கியது. பார்வை கோட்டில் இல்லை, எனக்குப் பின்னால் கோயில் கேட்டில் இருந்தது. நானும் திரும்பினேன்.

கேட்டில் ஜெபதாஸ் அண்ணன்!

வாக்கரை ஊன்றி, தனியாக. ஓரடி வைப்பார், மூச்சு வாங்குவார், அடுத்த அடி. பிடிக்க ஓடிய இரண்டு பேரை அக்கா சைக்கிளில் ஆடிக்கொண்டே அதட்டினார்.

"ஆரும் தொடப்பிடாது!"

ஒருமுறை வாக்கர் சரிந்தது. அக்காவின் சைக்கிளும் சரிந்தது. இரண்டும் நிமிர்ந்தன. நான் விசிலைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கோட்டருகே வந்ததும் அண்ணன் தலைநிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"ஏட்டி, இண்ணைக்கும் கால ஊனல்லியா?"

"ஊனினா நீங்க திரும்பிப் போயிருவியளே."

நான் முழிப்பதைப் பார்த்து அண்ணனே சொன்னார்.

"எறங்கிப் பிடிச்சா இனி நடக்கவே மாட்டேண்ணு சொன்னேன் மக்கா. மூணு வருசமா, தெனமும் அந்திக்கு, ஆளில்லாத தோட்டத்துக்குள்ள சைக்கிள்லயே என் பக்கத்துல வாறா. என் நடைக்கு."

அக்கா அந்த ஒரு முழத்தை மெல்ல மிதித்துக் கோட்டைத் தாண்டினார். அதன் பிறகுதான் காலை ஊன்றினார். அண்ணன் வாக்கரைத் தூக்கிக் கோட்டுக்கு அப்பால் வைத்து, பின்னாலேயே ஓரடி எடுத்து வைத்தார்.

நான் மூன்றாவது தடவையாக விசில் ஊதினேன். மைக்கை வாங்கினேன்.

"கடைசியா கோட்டைத் தாண்டினது ஜெபதாஸ். மொதல் பரிசு அவருக்குத்தான்."

பெண்கள் போட்டியாச்சே என்று ஒருவரும் கேட்கவில்லை.