பால் கொடுக்க ஆள்

பிள்ளை பெற்ற மருமகளின் பச்சை உடம்பு அனலாய்க் கொதித்தது.

"ஜுரம் தன்னால எறங்கும். இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரி?" என்று வண்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார் மாமனார்.

மாமியார் காதில் விழாதவள்போலத் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். 'கல்நெஞ்சுக்காரி' என்று உள்ளுக்குள் பொருமினாள் மருமகள்.

சற்று நேரத்தில் தொட்டிலருகே மாமியாரின் அலறல். "ஐயோ, பேரனுக்கு மூச்சு இழுக்குதுங்க."

மருமகள் தட்டுத்தடுமாறி எழுந்து ஓடிவந்தாள். மாமனார் செருப்புகூடப் போடாமல் வண்டியைக் கிளப்பினார்.

"நீயும் ஏறுடி. பால் கொடுக்க ஆள் வேணாமா?" என்று அவளையும் இழுத்துப் போட்டுக்கொண்டாள் மாமியார்.

ஆஸ்பத்திரியில் மாமனாரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினாள். டாக்டர் குழந்தையை வாங்கக் கை நீட்டினார்.

"அவன் நல்லாத்தான் தூங்குறான் டாக்டர். இவளைப் பாருங்க. இவளுக்குன்னு சொன்னா எங்க வீட்டு வண்டி நகராது."