‘டு’வுக்குப் பிறகு

“ஆர்டர் எடுக்கணும்னா இங்கிலீஷ் வேணும், அண்ணே. சனி, ஞாயிறு வந்தா பாதிக் கூட்டம் சிங்கப்பூர்க்காரங்கதான்” என்றார் பஸீலா, தன் சாப்பாட்டுக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடி.

“என் மகளுக்கு நல்லா வரும்க்கா” என்றார் வீரமுத்து. “எஸ்.பி.எம். பரீட்சையில இங்கிலீஷுக்கு ஏ. எனக்குத்தான் மலாயோட சரி. இங்கிலீஷ்ல நாலு வார்த்தை தெரிஞ்சா பெருசு.”

“அவ்வளவு நல்லா படிக்கிற பொண்ணு மேல படிக்கலையா?”

“யுனிவர்சிட்டி போறதுக்கான ஆறாம் படிவத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. திங்கக்கிழமை போய்ப் பதியணும். இதுவே வேணாம்னுடுச்சு.”

அப்பா அதைச் சொன்னபோது லோஷினி கல்லா மேலிருந்த மிட்டாய் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இப்போது வீட்டுக்கு அப்பாவின் லாரிச் சம்பளம் ஒன்றுதான்.

“எங்கே, பார்ப்போம்.” பஸீலா அவளைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு இங்கிலீஷுக்குத் தாவினார். இந்தக் கடையில் வேலை செய்ய விருப்பமா?

“யெஸ், ஐ வுட் லைக் டு வொர்க் ஹியர், மேடம்.”

அப்பா யாரிடமோ எழுதி வாங்கி, லாரியில் வரும் வழியெல்லாம் சொல்லவைத்த வாக்கியம் அது. ஒரு சொல் விடாமல் ஒப்பித்தாள். அப்பாவின் முகத்தில் பெருமை.

அடுத்த கேள்வி மடமடவென்று வந்தது. பக்கத்தில் ரொட்டி சானாய் தட்டுகிற சத்தத்தில் அப்பாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. லோஷினிக்குப் பிடிபட்டது. மேலே படிக்க விருப்பமா என்று கேட்கிறார்.

‘ஸ்டடி’ என்ற சொல் அப்பாவின் நாலு வார்த்தைகளில் ஒன்று; அவள் சொன்னால் அவருக்குப் புரிந்துவிடும்.

“ஐ வுட் லைக் டு” என்று சொல்லி வாயை மூடிக்கொண்டாள்.

“அப்புறம்?” என்றார் அப்பா. “டு-வோட நின்னா எப்படி? முழுசா சொல்லும்மா.”

பஸீலா தலையை ஆட்டினார். “இந்தப் பொண்ணு எனக்கு ஒத்து வராதுண்ணே. தினமும் வர்ற வேலைக்கு வேற ஆள் பார்த்துக்கிறேன்.”

“ஐயோ, அலமாக். பயத்துல பாதியை முழுங்கிடுச்சுக்கா. இன்னொரு தடவை கேளுங்க.” மகள் பக்கம் திரும்பினார். “வீட்டுல தம்பிகிட்ட அந்தப் பேச்சுப் பேசுற. இங்க வந்து ஊமையா?”

லோஷினிக்கு முகம் சுட்டது. அவள் எதையும் முழுங்கவில்லை. கேள்வியில் வந்த வினைச்சொல்லைப் பதிலில் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, ‘டு’வை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று டீச்சர் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார். ஆனால் அதைச் சொன்னால், கேள்வி என்ன என்று அப்பா கேட்பார். சொல்லாவிட்டால், கைக்கு எட்டிய வேலையும் போகும்.

“நான் பாதியில விடலப்பா” என்றாள் மெதுவாக. “இங்கிலீஷ்ல அது முழுப் பதில்தான். மிச்சம் அவங்க கேள்வியிலயே இருக்கு.”

“அப்படி என்ன கேட்டாங்க?”

லோஷினி தரையைப் பார்த்தாள்.

“மேல படிக்க ஆசையான்னு கேட்டேன்” என்றார் பஸீலா. “ஆசைதான்னு சொல்லிடுச்சு. ஒரு தப்பு இல்லாத இங்கிலீஷ். திங்கக்கிழமை கூட்டிட்டுப் போய்ப் பதிஞ்சுடுங்க. சனி, ஞாயிறு மட்டும் இங்க வரட்டும். எனக்கும் அந்த ரெண்டு நாள்தான் இங்கிலீஷ் தெரிஞ்ச ஆள் வேணும்.”

வீரமுத்து மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இன்னும் நிமிரவில்லை.

“நான் கேட்டப்ப வேணாம்னுதானே சொல்லுச்சு?” என்றார் கடைசியில். “இதை நீங்க தமிழ்லயே கேட்டிருக்கலாமேக்கா.”

பஸீலா நுரை ததும்ப ஆற்றிய டீயான தே தாரேக் ஒரு கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினார்.

“தமிழ்ல கேட்டிருந்தா, இப்பவும் உங்ககிட்ட சொன்ன பதிலைத்தான் சொல்லியிருக்கும், அண்ணே.”