பின்னுக்குத் தள்ளிய இருக்கை

சாவியைத் திருப்பியதும் ஆழக்கடல் மீன்களைப் போலச் சிறுவிளக்குகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. வானொலி பாடியது. கார் மட்டும் கிளம்பவில்லை. கணவன் லூர்து இறந்த பிறகு பிலோமினா அதில் ஏறுவது இதுதான் முதல்முறை.

மெக்கானிக் காசிம் பானட்டை மூடினான். “பேட்டரி ஜோரா இருக்குக்கா. கிளட்ச அடிவரைக்கும் மிதிச்சாதான் இது ஸ்டார்ட் ஆகும். உங்க கால் எட்டல. அண்ணன் பனைமரமாச்சே. சீட்ட முன்னால இழுங்க.”

அவன் கை இருக்கைக்கு அடியில் துழாவியது.

“அவர் வச்ச எடத்துலயே இருக்கட்டும்.”

அவள் இருக்கையின் நுனிக்கு நகர்ந்து, ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு, கிளட்சை ஆழ மிதித்தாள். வண்டி உறுமியது.

“சாஞ்சு உக்காருங்கக்கா, முதுகு வலிக்கும்.”

அவள் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் காலியாக இருந்தது.

“எடமில்ல தம்பி” என்று வண்டியை மெல்ல நகர்த்தினாள்.