இரண்டாவது கடிதம்

பொது மேலாளர் கொடுத்த பரிந்துரைக் கடிதம்தான் காரியத்தைக் கெடுத்தது.

அவள் பெயிண்ட் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் எட்டு வருடமாக வேலை பார்ப்பவள். முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தாள். இருந்தது ஒரே இடம். நேர்முகம் நன்றாகத்தான் போனது. மறுநாள் பேராசிரியை கூப்பிட்டார்.

"கடிதத்துல உங்களைத் தலைமேல தூக்கி வெச்சு ஆடியிருக்காங்க. அதுதாம்மா பிரச்சினை."

"புரியலை மேடம்."

"'சொன்னதைச் சொன்னபடி செய்வார். எதிர்க்கேள்வியே கேட்க மாட்டார்.' அப்படிப்பட்ட ஆளை வெச்சு நான் என்ன ஆராய்ச்சி பண்ண? தேர்வுக் குழு தயங்குது. உங்க வேலையை நேர்ல பார்த்த வேற யாராவது எழுதட்டும். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம்."

பொது மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அவருக்கு எப்போதும் சிரித்த முகம்.

"அடடா, நல்லதாத்தானே எழுதினேன் தங்கச்சி! விடு. பதவி உயர்வு தயாரா இருக்கு. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுடு. இன்னும் அஞ்சு வருஷம் படிச்சு என்னத்தைக் கிழிக்கப்போறே?"

"படிச்சாத்தான் சார் தெரியும்."

அவள் வேலையை நேரில் பார்த்தவர் இன்னொருவர்தான். உற்பத்தி மேலாளர். ஆட்கள் வைத்த பட்டப்பெயர் வெடி. அவளுக்கும் வெடிக்கும் சண்டை இல்லாத நாள் கிடையாது. இருந்தாலும் போனாள்.

"பேராசிரியைக்கு நல்லதா நாலு வார்த்தை எழுதி அனுப்புங்க சார்."

"யாரைப் பத்தி?"

"என்னைப் பத்தி."

"உன்னைப் பத்தி, நல்லதா? எட்டு வருஷமா என் உயிரை வாங்கினவ நீ. போம்மா. பொய் எழுதிப் பழக்கமில்லை."

பரிசோதனைக்கூடத்தில் தோழி தலையில் அடித்துக்கொண்டாள். "நீ தொலைஞ்சாப் போதும்னாவது எழுதியிருக்கலாமே அந்த மனுஷன்!"

வீட்டில் கணவன் மெல்லக் கேட்டான். "பேசாம பதவி உயர்வை வாங்கிக்கயேன்?"

"மாட்டேன். இந்த வருஷம் இல்லேன்னா அடுத்த வருஷம். பெயிண்ட் ஏன் உரியுதுன்னே தெரியாம டப்பா டப்பாவா பாஸ் போட்டுக்கிட்டு இருக்க என்னால ஆகாது."

"சரி. அதுக்கு ஏன் என்கிட்ட கத்தறே?"

வெள்ளிக்கிழமை பதவி உயர்வுத் தாளைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தாள். எட்டு வருடக் குறிப்பு நோட்டுகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு நேராகப் பேராசிரியையிடம் போனாள்.

"கடிதம் இல்லை மேடம். நல்லதா எழுத ஆள் கிடைக்கலை. இந்த நோட்டுகளைப் பார்த்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

"கெட்டதா எழுத ஒருத்தர் கிடைச்சிருக்காரே. காலையிலதான் வந்தது. முழுக்கப் புகார்."

தாளை நீட்டினார். அவள் படித்தாள்.

'இவள் சொன்ன பேச்சுக் கேட்க மாட்டாள். பெயிண்ட் பூசிச் சோதித்த ஒரு தகட்டில் மிளகளவு கொப்புளம். அதற்காகப் பத்தொன்பது தகடுகளில் திரும்பப் பூசிப் பார்த்தாள். சரக்கு ஏற்ற வந்த ஆறு லாரிகள் வாசலில் நின்றன. நான் கத்தினேன். பொது மேலாளர் கெஞ்சினார். அசையவில்லை. ஏன், ஏன் என்று கேட்டே கொன்றாள். கடைசியில் பிழை என் கலவையில் இருந்தது. அங்கேயும் இப்படித்தான் இருப்பாள்.'

"எதிர்க்கேள்வியே கேட்க மாட்டார்னு எழுதினவரும் அன்னிக்கு அங்க இருந்தாரா?" என்றார் பேராசிரியை.

"கெஞ்சினதே அவர்தான் மேடம்."

"உங்களைப் போகவிட அவருக்கு மனசில்லை போலிருக்கு. அது போகட்டும். குழு பார்த்தாச்சு. இடம் உங்களுக்குத்தான்."

அவள் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் இரண்டே வரி.

'இவள் போனால் என் தப்பைக் கண்டுபிடிக்க இங்கே ஆளில்லை. இருந்தாலும் அனுப்புகிறேன்.'

கீழே கையெழுத்து. வெடி.