குப்பையே சேராத துறை

பல்கலைக்கழகத்தின் பசுமை விருது இந்த வருடம் முத்துச்சிப்பித் துறைக்குக் கிடைத்தது. மின்சாரமும் தண்ணீரும் அங்கேதான் குறைவாகச் செலவாகின. குப்பை என்ற பேச்சே இல்லை.

விழா அரங்கின் முன்வரிசையில் துறைத்தலைவர் பூமா உட்கார்ந்திருந்தாள். துணைவேந்தரைப் பார்க்க ஒரு வருடமாக நடையாய் நடந்தும் முடியவில்லை. இன்று மேடையிலேயே கேட்டுவிட வேண்டும்.

பக்கத்தில் இருந்த வணிகவியல் தலைவர் செந்தூர்பாண்டி பெருமூச்சு விட்டார்.

"ஃபேனை அமத்துங்கலேன்னு கத்திக் கத்தி என் தொண்டையே கட்டிப்போச்சு மேடம். உங்க பிள்ளைங்க மட்டும் எப்படிச் சொன்னபடி கேக்காங்க?"

"நான் யாரையும் அதட்டினதே இல்லை சார்," என்றாள் பூமா.

"கொடுத்து வச்சவங்க!"

மேடையில் கோப்பையை நீட்டிய துணைவேந்தர், "உங்க துறைக்கு என்னம்மா வேணும்? தயங்காமக் கேளுங்க," என்றார்.

பூமா மைக்கைப் பிடித்தாள்.

"ஒரே ஒரு மாணவராவது வேணும் சார். துறை தொடங்கின நாள்லேருந்து, இந்தத் தூத்துக்குடியில முத்தைப் பத்திப் படிக்க ஒருத்தர்கூட வரலை."

துணைவேந்தர் கவலையோடு தாடையைத் தடவினார்.

"சேர்க்கலாம்மா. ஆனா ஆள் சேர்ந்தா அடுத்த வருஷம் விருது போயிருமே!"

அப்போது கீழே செந்தூர்பாண்டி துள்ளி எழுந்தார்.

"ஐயா, எங்க பிள்ளைங்கள்ல பாதிப் பேரை மேடத்துக்கே குடுத்துருதேன். அடுத்த வருஷம் விருது எங்களுக்கு!"

பின்வரிசையிலிருந்து தாவரவியல் தலைவர் லிங்கராஜ் கத்தினார்.

"பாதி என்னவே பாதி? நான் மொத்தத்தையும் தாரேன்!"