ஒரு கீறல் கூட இல்லை

"வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

மார்லா கேட்டாள். பொறி வைத்திருந்த ஹோலிஸ் உதட்டில் விரலை வைத்து, சத்தம் வேண்டாம் என்று சைகை காட்டினார்.

பைன் மரத்தடியில் ஒரு கயோட்டி படுத்திருந்தது. நரியைவிடப் பெரிசு, ஓநாயைவிடச் சிறிசு. மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்த இரும்புப் பொறி அதன் முன்னங்காலைக் கவ்வியிருந்தது.

இந்தப் பொறிகளை மாவட்டம் முழுக்கத் தடை செய்யச் சொல்லி ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கியவள் மார்லா. பல்கலைக்கழகத்தில் அவளிடம் வாதாடி ஜெயித்தவர்கள் குறைவு. வெள்ளிக்கிழமை மாவட்ட சபையில் பேசப்போகிறாள். "அதுக்கு முன்னாடி ஒரு தடவை நேர்ல வந்து பாரு. அப்புறமா ஆசை தீரத் திட்டு" என்று கூப்பிட்டவரே ஹோலிஸ்தான்.

"வலிக்குதான்னு அதுகிட்டயே கேளு கண்ணு."

"உங்க காலை அதுல வைங்க மிஸ்டர் ஹோலிஸ். உங்ககிட்டயே கேட்டுடறேன்."

ஹோலிஸ் சிரித்தார். தோள்பையிலிருந்து இன்னொரு பொறியை எடுத்து விரித்தார். தன் விரல்களை நடுவில் வைத்துத் தட்டினார். டப்பென்று மூடிக்கொண்டது.

மார்லா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அவர் பொறி தொங்கும் கையை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். விடுவித்த விரல்கள் கொஞ்சம் சிவந்திருந்தன. அவ்வளவுதான்.

"பல்லு கிடையாது. ரெண்டு பக்கமும் ரப்பர் வச்சிருக்கேன். பிடிக்கும், கடிக்காது. உன் நாக்கைவிட இது தேவலை."

மார்லா குனிந்து அந்த ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

நீளமான கம்பின் நுனியிலிருந்த சுருக்கைக் கயோட்டியின் கழுத்தில் மாட்டி, பழைய போர்வையைத் தலைமேல் போட்டார் ஹோலிஸ். கண் மறைந்ததும் அது அடங்கிவிட்டது. மூச்சு மட்டும் போர்வையை ஏற்றி இறக்கியது. பொறியின் இரண்டு பக்கத்தையும் பூட்ஸ் காலால் மிதித்தார். இரும்பு வாய் திறந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் மார்லாவால் மறக்க முடியவில்லை. அந்தக் காலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். விரல் விரலாகத் தடவினார். மூட்டை மெல்ல மடக்கி நீட்டினார். மண்ணைத் துடைத்து, மஞ்சள் மருந்து தடவினார்.

"என் முழங்காலை டாக்டர் இவ்வளவு நேரம் பாத்ததில்ல," என்றார். "பாத்துக்கோ. ஒரு கீறல் கூட இல்ல."

"அப்ப இங்கயே விட்டுடலாமே?"

"இங்க விட்டா நாளைக்கே எவனாவது ஆட்டுக்குட்டியைக் காணோம்னு துப்பாக்கியைத் தூக்குவான். பழைய மரம் அறுக்கிற மில் பக்கம் காடு இருக்கு. அங்க கொண்டுபோய் விடுவேன். இன்னிவரைக்கும் ஒண்ணைக்கூட நான் கொன்னதில்ல கண்ணு."

"நானும் வரட்டுமா?"

"வேணாம். ஆளைப் பாத்தா மிரளும்."

கூண்டில் ஏற்றி, கூண்டுக்கு மேல் அந்தப் போர்வையையும் போர்த்திவிட்டுக் கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை சபையில் மார்லா எழுந்தாள். அவள் எழுதி வைத்திருந்த பேச்சு மடித்தபடி பைக்குள்ளேயே இருந்தது.

"நான் நினைச்சது தப்பு. குறை பொறியில இல்ல, அதை வைக்கிற மனுஷன்கிட்ட. நல்ல மனுஷன் ஒருத்தரை நான் நேர்ல பாத்தேன்."

தடைத் தீர்மானம் தோற்றுப்போனது. கூடவே கையெழுத்து வாங்கிய தோழிகள் முகம் கொடுக்காமல் வெளியே போனார்கள். "எவ்வளவு குடுத்தாங்க?" என்று ஒருத்தி கேட்டுவிட்டே போனாள். கடைசி வரிசையில் ஹோலிஸ் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்.

அந்த ஒருத்திக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றுதான் மறுநாள் காலை கேமராவோடு அந்தப் பழைய மில் பக்கம் போனாள் மார்லா. விடுதலையான கயோட்டி ஒன்றாவது படத்தில் விழாமலா போகும்?

முதலில் கண்ணில் பட்டது கம்பிவேலி. அவளைவிட உயரம். அடிப்பக்கம் தோண்டிப் போக முடியாதபடி மண்ணுக்குள் இறக்கியிருந்தார்கள். வேலி ஓரம் வரிசையாக வண்டிகள். அலபாமா, டென்னசி என்று வெளிமாநில நம்பர்கள். வண்டிகளின் பின்னால் பெட்டி பெட்டியாக வேட்டை நாய்கள். ஒவ்வொன்றின் விலாவிலும் வெள்ளை பெயின்டில் ஒரு எண்.

"அட, நம்ம பொண்ணு," என்றார் நாற்காலியில் சாய்ந்திருந்த ஒருவர். "நேத்து சபையில பேசினது நீதானே? உக்காரும்மா. நீ மட்டும் இல்லேன்னா இந்த சீசன் நாய்ப் பந்தயமே போயிருக்கும். பொறி இல்லேன்னா கயோட்டிக்கு எங்க போறது?"

மடக்கு நாற்காலி ஒன்றை விரித்துப் போட்டார். அவித்த வேர்க்கடலையை ஒரு கை அள்ளி அவள் கையில் திணித்தார்.

வேலிக்குள் ஹோலிஸ் கூண்டைத் திறந்தார். முன்னங்காலில் மஞ்சள் கறையோடு அதே கயோட்டி வெளியே வந்தது. தயங்கியது. பிறகு நேராக ஓடி வேலியில் முட்டி, கம்பியை ஒட்டியே ஓடி, புதருக்குள் மறைந்தது. பெட்டிகளுக்குள் நாய்கள் குரைத்துத் தீர்த்தன. அவற்றை இன்னும் திறக்கவில்லை.

ஹோலிஸ் அவளைப் பார்த்துவிட்டு வேலியருகே வந்தார். முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை.

"காட்டுல விடுவேன்னீங்க."

"இது காடு இல்லாம வேறென்ன? நான் ஒண்ணையும் கொல்றதில்ல கண்ணு. விட்டுடுவேன், அவ்வளவுதான்."

மார்லாவின் கையிலிருந்து கடலை உதிர்ந்தது.

"அப்ப அந்தக் காலு? அவ்வளவு நேரம் தடவிப் பாத்தீங்களே, மருந்து போட்டீங்களே. அது எதுக்கு?"

ஹோலிஸ் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். படித்த பெண் இதையெல்லாமா கேட்பாள்?

"நொண்டினா நாய்ங்க உடனே முடிச்சுடும் கண்ணு. இவங்கள்லாம் எவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காங்க, பாரு."